பேர் வைக்க ஒரு பொதுவழி இல்லையே!

யூனிக்ஸ் குடும்பத்தில் கணினியின் பெயரைக் கேட்க 'யூநேம் -என்' போதும். போசிக்ஸ் தரத்திலேயே இருக்கு. பெயர் வைக்க? அவங்கவங்க இஷ்டம்!

'ஹோஸ்ட்நேம்' கட்டளையோட வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க மக்களே. அது அடுத்த ரீபூட் வரைக்கும்தான். அப்புறம் பழைய பேர் திரும்பி வரும். லாகும் பேக்கப்பும் வேற மெஷின் கணக்கில் போய் விழும்.

நிலைக்கணும்னா பெரும்பாலான லினக்ஸில் /இடிசி/ஹோஸ்ட்நேம், ஃப்ரீபிஎஸ்டியில் ஆர்சி.கான்ஃப், ஓப்பன்பிஎஸ்டியில் மைநேம். மேக்கில் 'எஸ்சியுடில்' வழியா மூணு பேர்! லினக்ஸில் முழுப்பெயர் காட்டும் 'ஹோஸ்ட்நேம் -எஃப்'பை சோலாரிஸ் 10இல் ரூட்டா அடிச்சா, மெஷின் பேரே '-எஃப்' ஆயிடும் :-)

என்னைக் கேட்டா, எல்லாத்துக்கும் ஒரே வரி எழுதுறது வம்பு. ஸ்கிரிப்ட் முதல்ல 'யூநேம் -எஸ்' கேட்கட்டும், அந்தந்த ஊர் வழக்கப்படி எழுதட்டும். ரீபூட் பண்ணிப் பார்த்துட்டு நம்புங்க.