குழாயின் நீளம் யாருக்காக?

வெருகலாற்றுக்குத் தெற்கே, வாகரைக்கு வடக்கே கிடக்கும் கதிரவெளி, மரணத்தை அடுத்தடுத்துக் கண்ட ஊர். 2004 டிசெம்பரில் கடல் ஏறி வந்தது. 2006 நவம்பர் 8 ஆம் திகதி, விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் எறிகணை வீச்சுக்குப் பலியாகினர். இவ்விரண்டையும் தடுக்கும் வல்லமை அவ்வூரவர் எவரிடமும் இருக்கவில்லை. ஆனால் நமது கிழக்குக் கரையில் இன்னொரு வகைச் சாவு உண்டு. கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்கியவர் மீளாமற் போவதும், இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து கரைசேர்வதும் அது. அதைத் தடுப்பது நம்மால் இயலும். அந்தத் தடுப்பில் ஒரு பங்கு, ஒரு மீற்றர் இறப்பர்க் குழாயில் இருக்கிறது என்பதே என் வாதம்.

சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, ரெகுலேற்றரின் முதற்படி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டும் கூடியதாகக் குறைக்கிறது. அங்கிருந்து குழாய்கள் பிரிகின்றன. ஒன்று வாயில் கவ்வும் இரண்டாம் படிக்கு, ஒன்று மிதவைச் சட்டைக்கு, ஒன்று அழுத்தமானிக்கு. நான்காவது, ஒக்டோபஸ் எனப்படும் மேலதிக இரண்டாம் படிக்கு. முதல் மூன்றும் அணிந்தவருக்கு உரியவை. நான்காவது, காற்றுத் தீர்ந்துபோன தோழனுக்கு உரியது. அதனாற்றான் தன் வாய்க்கான குழாய் 70, 75 சென்ரிமீற்றர் அளவில் நின்றுவிட, பிறர் வாய்க்கான மஞ்சட் குழாய் ஒரு மீற்றர் வரை நீள்கிறது. இருவர் ஒருவரையொருவர் பற்றியபடி, முகம் பார்த்து, ஆறுதலாக மேலேற அந்த நீளம் வேண்டும்.

தமிழனுக்கு இது புதிய பாடமன்று. மன்னார்க் குடாவில் முத்துக் குளித்த காலத்தில், கல்லைப் பற்றி இறங்குபவனின் கயிற்றை மைத்துனனே பிடிப்பான் என்று வழிவழியாகச் சொல்வார்கள். தன் சகோதரியின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அறிந்தவன் கை தளரமாட்டான். இயந்திரம் வந்தது, சிலிண்டர் வந்தது, கயிறு போயிற்று. கயிற்றோடு அந்த மைத்துனனும் போய்விட்டான். இன்று தொழிலுக்கு இறங்குவோரிற் பலர் ஒரேயொரு இரண்டாம் படியுடன், சிலவேளை அழுத்தமானிகூட இல்லாமல், ஒரே நாளில் பல சிலிண்டர்களை முடிக்கின்றனர். பக்கத்தில் ஆள் இருந்தும் அவனிடமிருந்து மூச்சைப் பெற வழியில்லை.

கணக்கைப் பாருங்கள். 20 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு. காற்றும் மூன்று மடங்கு செலவாகும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவர் அங்கே 60 லீற்றர் இழுப்பார். 12 லீற்றர்ச் சிலிண்டரில் 50 பார் மிஞ்சியிருந்தால் கையிருப்பு 600 லீற்றர். அதை இருவர் பகிர்ந்தால் ஐந்து நிமிடம். பதற்றத்தில் அதிற் பாதி. நிமிடத்துக்கு 9 மீற்றர் வீதம் மேலேறவே இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டும். இந்த நேரத்தில் குழாயைத் தேடித் திரிய முடியாது. ஒரே வாய்க்கவ்வியை மாறி மாறிக் கொடுக்கவும் பதறியவன் இணங்கமாட்டான். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வான். நுரையீரல் கிழியும், அல்லது இரத்தத்தில் நைதரசன் குமிழிடும். அதன்பின் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் அழுத்த அறைதான் கதி.

எனவே நீளத்தைப் போலவே, குழாய் செல்லும் பாதையும் முக்கியம். ஒக்டோபஸ் வலக்கைக்குக் கீழாக வந்து, நாடிக்கும் விலாவின் கீழ் விளிம்புக்கும் இடைப்பட்ட முக்கோணத்தில், ஓர் இழுப்பில் கழன்று வரும்படி செருகப்பட வேண்டும். முதுகுப் பக்கம் தொங்கினால் அது இருந்தும் இல்லாததே. அழுத்தமானி இடப்பக்கம் உடலோடு ஒட்டிக் கிடக்கட்டும். அட்டைப் பையும் வலைக் கயிறும் நிறைந்த வேலையில், தளர்ந்து தொங்கும் ஒவ்வொரு குழாயும் ஒரு தூண்டில்.

இன்னும் நீண்ட குழாயும் உண்டு. புளோரிடாவின் நீரடிக் குகைகளில் ஒருவர் பின் ஒருவராகவே நுழைய முடியும். ஷெக் எக்ஸ்லி போன்றோர் அங்கே பரப்பிய ஏழடிக் குழாய் 2.1 மீற்றர் நீளமானது. வலக்கைக்குக் கீழிறங்கி, மார்பைக் கடந்து, கழுத்தின் பின்னால் சுற்றி வாய்க்கு வரும். ஆபத்தில் வாயிலிருப்பதையே கழற்றிக் கொடுத்துவிட்டு, கழுத்தில் இறப்பர் நாடியில் தொங்கும் குறுங்குழாய்ப் படியைத் தான் கவ்விக்கொள்வார்கள். வேலை செய்கிறதென்று உறுதியாகத் தெரிந்த மூச்சையே தோழனுக்குத் தருவது எத்தனை நாகரிகம்! மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 இல் மூழ்கிய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலின் 53 மீற்றர் ஆழத்துக்கு இறங்குவோர் இம்முறையை நாடுவதில் நியாயமுண்டு. பாசிக்குடாவின் பவளப்பாறையைப் பார்க்கப் போகிறவருக்கு ஒரு மீற்றரோ ஒன்றரை மீற்றரோ போதும். அங்கே ஏழடிக் குழாயைச் சரிவரச் செருகாமல் திரிவது பவளத்துக்கும் கேடு, அவருக்கும் கேடு.

வறுமை பேசுவோர் ஏழைத் தொழிலாளிக்கு இரண்டாவது ரெகுலேற்றர் ஆடம்பரம் என்பர். அட்டை வாங்கும் முதலாளிக்கு அது எத்தனை நாள் இலாபம் என்று நான் திருப்பிக் கேட்பேன். சங்குக்கும் அட்டைக்கும் சுழியோட மீன்பிடித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் நான்கு குழாய்களையும் எண்ணி, வளைத்து, வெடிப்புண்டா என்று பார்க்கட்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் கையொப்பம் இடாதிருக்கட்டும். கருவிக்கான பணத்தை, கடலின் பெறுமதியை ஏற்றுமதி செய்து காசாக்குவோரிடமே அறவிடலாம்.

சுற்றுலாப் பயணிக்கு இரண்டு மூச்சு, அட்டை எடுப்பவனுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கு ஒரே கடலில் நீடிக்கக் கூடாது. மைத்துனன் பிடித்த கயிற்றை மீட்க முடியாது. அவன் இடத்தில் ஒரு மீற்றர் மஞ்சட் குழாயையாவது கட்டி அனுப்புவோம்.