இஎம்ஐ-ல மானிட்டர் வாங்குறதுக்கு முன்னாடி கேபிளைப் பாருங்க

செலியமேட்டு வீட்டில் இருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவன் நான். போன மாசம் என் 4கே மானிட்டர் அடிக்கடி கறுப்பாகித் திரும்பி வந்தது. கடையில் கேட்டா "பேனல் போச்சு சார்"னு சொல்லிட்டாங்க. இஎம்ஐ போடக் கார்டையே எடுத்துட்டேன். கடைசியில் பார்த்தா, பழைய 5 மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிள், நடுவுல ஒரு ஜாயின்டர், லேப்டாப் பக்கம் ஒரு டைப்-சி அடாப்டர். கோளாறு அங்கதான்!

4கே, 60 ஹெர்ட்ஸ் ஓட, நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்குற ஹெச்டிஎம்ஐ 2.0 பாதை வேணும். பழைய 1.4 பாதைக்கு 10.2 தான். கம்பி நீள நீள சிக்னல் தேயும். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் எதிரொலிச்சுத் திரும்பும். டிஜிட்டல் என்பதால் படம் மெல்ல மங்காது. ஒரு எல்லை வரை பளிச்சுனு இருக்கும், தாண்டினா புள்ளி மின்னும், இல்ல மொத்தமா போயிடும். அதனாலதான் நாம மானிட்டரைச் சந்தேகப்படுறோம்.

செலவில்லாத சோதனை ஒண்ணு: செட்டிங்ஸ்ல 60 ஹெர்ட்ஸை 30 ஆக்குங்க. கறுப்பாகிறது நின்னா, பெரும்பாலும் கேபிள்தான்.

தங்க முலாம் கேபிளுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டாதீங்க. தங்கம் அரிப்பைத் தடுக்கும், படத்தை அழகாக்காது. 'பிரீமியம் ஹை ஸ்பீடு' ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணிப் பார்த்து, தேவையான நீளத்துக்கு மட்டும் வாங்குங்க. ஹெச்டிஎம்ஐ லேப்டாப்பில் இருந்து டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டருக்குன்னா, சிக்னலையே மாத்தித் தர்ற ஆக்டிவ் அடாப்டர் வேணும். அதுல மிச்சம் பிடிச்சா அந்தக் காசும் வீண்.

கார்டு பர்ஸுக்குத் திரும்பிடுச்சு. அந்த 'பேனல் போன' மானிட்டர்லதான் இதை டைப் பண்றேன்.