கணக்கும் தலையெழுத்தும்

நமது நாட்டில் ஒரு பையன் ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ கணக்கில் தவறிவிட்டால், உபாத்தியாயர் "இவனுக்குக் கணக்கு ஏறாது" என்கின்றார். தகப்பனார் "நம் வம்சத்துக்கே கணக்கு வராது, அவன் தலையெழுத்து" என்கின்றார். பெண் குழந்தையாயிருந்தால் இந்த விசாரங்கூட இல்லை; "அவள் கணக்குப் படித்து என்ன ஆகவேண்டும்?" என்பதோடு சரி. தலையெழுத்து என்னும் ஒரே வார்த்தையைக் கொண்டு நம் மக்களை நிலத்திலிருந்தும் உத்தியோகத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் இத்தனை காலம் தள்ளி வைத்தது போதாதென்று, இப்பொழுது பின்னத்திலிருந்தும் சதவீதத்திலிருந்துமா தள்ளி வைக்க வேண்டும் என்று கேட்கின்றோம்.

கணக்கு ஏறாத ஜாதி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. கணக்குச் சொல்லிக் கொடுக்கப்படாத ஜாதிதான் உண்டு. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த பிள்ளைகள், மா என்றால் 20-ல் ஒன்று, காணி என்றால் 80-ல் ஒன்று, முந்திரி என்றால் 320-ல் ஒன்று என்று மனப்பாடமாய்ச் சொன்னார்கள். 320-ல் ஒரு பங்கு வரையில் பெயர் வைத்துப் புழங்கிய நாட்டில், பேரப் பிள்ளைக்கு அரையும் காலும் ஏறாதாம்! ஆனால் அந்தத் திண்ணையில் ஏற எல்லோரையும் விட்டார்களா? உழுதவனை விட்டார்களா? அவன் மனைவியை, மகளை விட்டார்களா? ஊர்க் கணக்கு எழுதும் உத்தியோகம் நெடுங்காலம் தகப்பனுக்குப் பின் மகன் என்றே வந்தது. அந்தப் பழைய கிராம உத்தியோக முறை இங்கு ஒழிந்ததே 1980-ம் வருஷத்தில்தான். கணக்கு ஒருவன் வீட்டிலும், கைநாட்டு மற்றவன் வீட்டிலும் இருந்ததன் பலனைத்தான் தலையெழுத்து என்று நமக்குச் சொல்லி வைத்தார்கள்.

இப்பொழுது பள்ளிக்கூடம் எல்லோருக்கும் திறந்திருக்கின்றது. சந்தோஷமே. ஆனால் அங்கே கணக்கு எப்படி வருகின்றது? "பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க வேண்டுமானால், இரண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்கிறார்கள். "ஏன் ஐயா தலைகீழாக்க வேண்டும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "சொன்னதைச் செய்" என்கிறார்கள். மந்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அரைப்படி அரிசியைக் கால்படியால் அளந்தால் எத்தனை தடவை வரும் என்று கேட்டுப் பாருங்கள். "இரண்டு தடவை" என்று அந்தப் பிள்ளையே சொல்லும். அரையைக் காலால் வகுத்தால் இரண்டு என்பது அவ்வளவுதான். படியும் அரிசியும் கையில் இருக்க மந்திரம் எதற்கு? ஏன் என்று கேட்ட வாயைக் கணக்கு வகுப்பிலேயே மூடிவிட்டால், அது கோயிலிலும் திறவாது, கச்சேரியிலும் திறவாது.

நிற்க. ஆறு முதல் எட்டு வகுப்புகளில் விகிதம், சதவீதம், சராசரி, வட்டி என்று சொல்லிக் கொடுக்கின்றார்களே, அவையெல்லாம் பரீட்சைக்கு மாத்திரமா? அவற்றை வீட்டிற்குக் கொண்டு வந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள்.

முதலாவது, தண்டல் கணக்கு. தெருவில் காய்கறி விற்கும் ஒரு அம்மாளுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்று பேசி, 1,500 ரூபாயைப் பிடித்துக் கொண்டு 8,500-ஐக் கையில் கொடுக்கின்றான். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "பதினைந்து வட்டிதானே" என்கின்றான். அந்த 8,500 ரூபாயும் நூறு நாளும் அம்மாளிடம் இருந்ததா? நாளுக்கு நாள் குறைந்து கடைசி நாளில் ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆகவே சராசரியில் அதில் பாதியாகிய 4,250 ரூபாய்தான் நூறு நாள் அவரிடம் இருந்தது. அதற்கு வட்டி 1,500 என்றால், நூறு நாளைக்கு நூற்றுக்கு 35-க்கு மேல். வருஷத்திற்கு 128-க்கு மேல்! பதினைந்து எங்கே, நூற்றிருபத்தெட்டு எங்கே? கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் வருஷமே சட்டம் வந்துவிட்டது. சட்டமும் புத்தகத்தில் இருக்கின்றது. கணக்கும் புத்தகத்தில் இருக்கின்றது. தண்டல்காரனுடைய நோட்டு மாத்திரந்தான் வீட்டிற்குள் வருகின்றது.

இரண்டாவது, பஞ்சாங்கக் கணக்கு. பன்னிரண்டு மணி நேரப் பகலை எட்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கு ராகு காலம் என்றும், ஒரு பங்கு எமகண்டம் என்றும் ஒதுக்கி விடுகின்றார்கள். எட்டில் இரண்டு என்றால் கால் பங்கு. தினம் மூன்று மணி நேரம். வாரத்திற்கு இருபத்தொரு மணி நேரம். நாளெல்லாம் உழைத்தும் வயிறு நிறையாத மனிதன், பகலில் கால் பங்கைக் கெட்ட நேரம் என்று தள்ளிவிடுவானேயானால் அவன் எப்படி முன்னேறுவான்? அந்த ராகு காலத்தில் தண்டல்காரனுடைய வட்டி ஓடாமல் நிற்கின்றதா? ராசி பலனையும் பாருங்கள். 2011-ம் வருஷக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் ஜனத்தொகை 7 கோடியே 21 லட்சம். பன்னிரண்டு ராசிக்கும் சமமாய் வகுத்தால் ராசிக்கு 60 லட்சம் பேர். "இன்று இந்த ராசிக்காரருக்குப் பணவரவு" என்றால், 60 லட்சம் பேருக்கும் ஒரே நாளில் யார் கொடுப்பது? வகுத்தல் தெரிந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் ஜோசியன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

மூன்றாவது, விகிதக் கணக்கு. 1928-ல் அமலுக்கு வந்த வகுப்புவாரி உத்தரவில், 12 உத்தியோகத்தில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று பிரித்தார்கள். 12-ல் 2 என்றால் நூற்றுக்கு 16-க்கு மேல். ஜனத்தொகையில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேராயிருந்த வகுப்புக்கு அது ஐந்து பங்குக்கு மேல். அதையும் அநியாயம் என்று கூச்சல் போட்டு, 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்ச் செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார்கள். அதன் பேரில் அதே வருஷம் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. யார் மீதும் துவேஷம் கொள்ளும்படி நாம் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் போல் வகுத்துப் பாருங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். "தகுதி, திறமை" என்று யாராவது பேச ஆரம்பித்தால், "எத்தனை பேரில் எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேட்பதற்குப் பெயர்தான் சதவீதம். அந்தக் கேள்வி இல்லாதிருந்தால் இன்று நம்மில் அநேகர் பள்ளிக்கூட வாசலையே கண்டிருக்க மாட்டோம்.

ஆகவே தோழர்களே! பிள்ளை வாங்கிய மார்க்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடாதீர்கள். இன்று இரவே கடன் நோட்டை எடுத்து உங்கள் பிள்ளையின் முன் வையுங்கள். பையனாயிருந்தாலும் பெண்ணாயிருந்தாலும் வையுங்கள். பெண்ணாயிருந்தால் இரண்டு தடவை வையுங்கள், ஏனென்றால் தண்டல்காரனுக்கு வாசலில் பதில் சொல்ல வேண்டியவர்களாய் இருப்பது பெரும்பாலும் பெண்களே. பிள்ளை கூட்டிக் கழித்து, "அப்பா, இது பதினைந்து வட்டி இல்லை" என்று சொல்லும் அந்த நிமிஷத்தில், உங்கள் தலையில் எழுதியிருந்ததாகச் சொல்லப்பட்ட எழுத்து எந்த நோட்டில், யார் கையால் எழுதப்பட்டது என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.