கூட்டைப் பார்த்துவிட்டுக் கோழியைத் திட்டுங்கள்

மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்குக் கிட்டக் கரையேறியது. நல்லவேளை, யாழ்ப்பாணத்தை விட்டுவிட்டது என்று இங்கே ஆறுதல்பட்ட அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மேய்ச்சல் தரவைகளில் விழுந்து செத்தன. தொற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தில் இறைச்சி கொண்டுசெல்வதற்குத் தடை வந்தது. மாதிரிகள் பேராதனைக்கு அனுப்பப்பட்டன. நோயல்ல, குளிர்தான் காரணம் என்று முடிவு வந்தது.

பனி கொட்டுகிற குளிரல்ல அது. ரொறன்ரோவில் இருக்கிற மருமகனிடம் சொன்னால் சிரிப்பார். மணிக்கணக்கில் மழையில் ஊறி, ஒதுங்க இடமில்லாமல், வாடைக்காற்றில் நின்ற உடம்புக்குத்தான் அது யமனானது. மாடு செத்தால் செய்தியாகிறது. கோழி செத்தால் ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. விடியப்புறம் மாமரத்தடியில் ஒன்று, இரண்டு நாள் கழித்து இன்னொன்று என்று அது சத்தமில்லாமல் நடக்கிறது.

மானிப்பாயில் மாரி காலத்தில் ஊர்க்கோழி வளர்க்கிற வீடுகளில் பொழுதுபடும் நேரம் ஒரே கூத்துத்தான். கூடு இருக்கிறது. கதவும் திறந்தே கிடக்கிறது. கோழி மட்டும் மாவிலோ முருங்கையிலோ ஏறி நனைந்துகொண்டிருக்கிறது. கல்லெறிந்து, தடியால் தட்டி, கடைசியில் “அறிவுகெட்ட சாமான்” என்று திட்டிவிட்டு வீட்டுக்காரர் உள்ளே போகிறார். திட்டு போய்ச் சேரவேண்டிய இடம் வேறு. பெரும்பாலும் பிழை கூட்டில்தான் இருக்கிறது.

கோழியின் முன்னோர் காட்டுக்கோழிகள். இலங்கையின் தேசியப் பறவையான காட்டுக்கோழி இன்றைக்கும் மரக்கிளையில்தான் இரவைக் கழிக்கிறது. உயரத்தில் இருந்தால் நரியும் நாயும் எட்டாது என்பது வீட்டுக்கோழியின் உடம்பிலும் ஊறிய கணக்கு. இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. ஆகவே வெளிச்சம் போகமுன் உயரமான இடமொன்றைப் பிடித்துவிட வேண்டும் என்று அவசரப்படும். அது மணிக்கூடு பார்ப்பதில்லை, வெளிச்சத்தைப் பார்க்கிறது. மார்கழியில் இங்கே ஆறு மணியளவில் பொழுது சாய்கிறது. மழை மூட்டமென்றால் ஐந்து மணிக்கே கோழிக்கு இரவு. வேலை முடிந்து ஆறரைக்கு வந்து கூட்டுக்குள் தீன் போடுகிறவர் ஆளில்லாத பந்தியில்தான் பரிமாறுகிறார்.

இந்தக் கணக்கோடு நம்மூர்க் கூடுகளைப் பார்க்கலாம். பலதும் நிலத்தோடு ஒட்டியவை. மிச்சத் தகரம், பழைய பலகை, ஒரு பக்கம் வலை. உள்ளே ஏறியிருக்கத் தடியில்லை; இருந்தாலும் முட்டையிடும் பெட்டியைவிடப் பதிவாக ஒன்று. வெளியில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே உள்ளே கும்மிருட்டு. உள்ளே போனால் நிலம் ஈரம், எச்சத்தின் நெடி மூக்கைப் பிடுங்குகிறது. மரக்கிளையையும் இதையும் பக்கத்தில் வைத்துக் கோழியிடம் கேட்டால் அது எதைத் தெரிவுசெய்யும்?

இன்னொரு காரணம் பகலில் தெரியாது. கோழியின் இரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளு பகல் முழுக்கப் பலகை வெடிப்புகளில் பதுங்கியிருந்து இரவில்தான் ஊர்ந்து வரும். நேற்றுவரை ஒழுங்காகக் கூட்டுக்குள் போன பேடு திடீரென்று வாசலில் நின்று திரும்பினால், இரவில் ஒரு ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு தடியின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெடிப்புகளை அடைத்து, கூட்டைக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பு அடிக்காமல் கோழியை உள்ளே தள்ளுவது அதைத் தண்டிப்பதுதான்.

குளிர் என்றதும் எல்லாப் பக்கமும் அடைத்துவிடுவது இங்கே பலர் செய்கிற அடுத்த பிழை. உரச்சாக்கு, பொலித்தீன், தறப்பாள் என்று கையில் கிடைத்ததெல்லாம் கூட்டைச் சுற்றி ஏறும். கோழியின் உடம்புச் சூடு 41 பாகை செல்சியசுக்கும் மேல். இறகைச் சிலிர்த்து உள்ளே காற்றைப் பிடித்துவைத்தே அது குளிரைச் சமாளிக்கிறது. இறகு காய்ந்திருக்கும்வரை யாழ்ப்பாணத்து மார்கழி அதற்குப் பெரிய பாரமல்ல. நனைந்தால்தான் அந்தக் காற்றுப் போர்வை போய்விடுகிறது. மூச்சுப் போக வழியில்லாத கூட்டில் மூச்சின் ஈரமும் எச்சத்து அமோனியாவும் சேர்ந்து, மழைக்குத் தப்பிய கோழியைச் சளிக்குக் கொடுத்துவிடும்.

உண்மையான குளிர் நாட்டார் இதை எப்போதோ பட்டறிந்துவிட்டார்கள். கனடாவின் கியூபெக்கில் ஓக்கா மடத்துத் துறவி வில்பிரிட் ஷாத்லேன் 1907இல் தொடங்கி சாந்தெக்ளேர் என்ற கோழியினத்தை உருவாக்கினார். கொண்டையும் தாடியும் இருக்கிறதா இல்லையா என்னுமளவுக்குச் சிறியவை. உறைபனி கடிப்பது அந்த இரண்டையும்தான். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் பிரின்ஸ் வூட்ஸ் என்ற மருத்துவர் 1924இல் வெளியிட்ட நூலில், கொடும் பனியிலும் முன்பக்கம் திறந்தபடியே இருக்கும் கோழிக்கூட்டுக்காக வாதாடினார். மானிப்பாயில் 1848இல் மருத்துவப் பாடசாலை தொடங்கிய சாமுவேல் கிறீனும் அதே மாநிலத்துக்காரர்தான். அவருடைய வைத்தியத்தை ஊர் வாங்கிக்கொண்டது. பின்னால் வந்த வைத்தியர் வூட்ஸின் கோழிக்கூடு மட்டும் வந்து சேரவில்லை.

வந்திருந்தாலும் அதை அப்படியே கட்டவேண்டியதில்லை. கிடுகும் பனையோலையும் தெரிந்த ஊருக்கு வேண்டிய சாமான் வளவிலேயே கிடக்கிறது. மாரி மழையும் வாடையும் வடகிழக்கிலிருந்து வருகின்றன. அதனால் வடக்கும் கிழக்கும் கிடுகால் நெருக்கி அடைக்கப்பட வேண்டும், கூரைத் தாழ்வாரம் அந்தப் பக்கங்களில் நீள வேண்டும். தெற்குப் பக்கம் வலையோடு திறந்தே இருக்கலாம். கோடையில் சோளகம் அந்த வழியால் வந்து கூட்டைக் காயவைக்கும். நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில், முட்டைப் பெட்டியைவிட மேலே, ஒரு தடி. இரும்புக் குழாய் காலின் சூட்டை உறிஞ்சும், மரம்தான் நல்லது. தடியில் கோழியொன்றுக்கு 15 முதல் 20 சென்ரிமீற்றர் இடம் விட வேண்டும். இடம் போதாவிட்டால் பலமான பேடுகள் கொத்தித் துரத்த, எளியவை திரும்ப மரத்துக்குப் போகும். வீட்டுக்காரர் அவற்றைத்தான் “பழக்க முடியாதவை” என்கிறார்.

பழக்குவது உண்மையில் சுலபம். புதிதாக வந்த கோழிகளை ஒரு கிழமை, பத்து நாள் கூட்டிலேயே அடைத்துவைத்துத் தீனும் தண்ணீரும் கொடுத்தால் வீடு எது என்று அவற்றுக்குப் பதிந்துவிடும். மரத்துக்குப் பழகிவிட்டவற்றை நன்றாக இருண்டபின் தூக்க வேண்டும். இருட்டில் கோழி மல்லுக்கட்டாது. சில இரவுகள் தொடர்ந்து தடியில் கொண்டுபோய் இருத்தி, கதவைச் சாத்தினால் போதும். பொழுதுபடும் வேளையில் உள்ளே ஒரு சின்ன வெளிச்சம் எரிந்தால் பாதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். மரத்தில் விட்டாலும் தப்பிவிடும் என்று நினைப்பவர்கள் மரநாயை மறந்துவிடுகிறார்கள். கிளை ஏறுவதில் அது கோழியைவிடக் கெட்டிக்காரன்.

இது வீட்டுப் பொழுதுபோக்குச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்தது. தீவன விலை ஏறியபோது பெரும்பண்ணைகள் தடுமாறின. அரிசிக் குறுணலும் கறையானும் தின்று வளவில் வளர்கிற ஊர்க்கோழிதான் அந்த நாட்களில் பல குடும்பங்களுக்கு முட்டை கொடுத்தது. போருக்குப் பின்னர் வடக்கில் வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சு கொடுக்காத திட்டமே இல்லை எனலாம்.

அந்தத் திட்டங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பருடன் முடிகிறது. ஒதுக்கிய காசை ஆண்டு முடியமுன் செலவழிக்க வேண்டும் என்ற அவசரமும் மாரி மழையும் ஒரே மாதங்களில் வந்து மோதுகின்றன. குஞ்சுக்கு முதல் கிழமையில் 32 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும். பிறகு கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். கார்த்திகை அடைமழையில், மின்சாரம் நம்பமுடியாத வீட்டில், அந்தச் சூட்டைக் காப்பது எப்படி? கையளிப்பு நிகழ்வில் படத்துக்கு நிற்கிற குஞ்சுகளில் எத்தனை தைப்பொங்கலைக் கண்டன என்று பிரதேச செயலகங்களும் கால்நடை வைத்திய அலுவலகங்களும் திரும்பிப்போய் எண்ணிப்பார்க்க வேண்டும். விநியோகத்தை மாசி, பங்குனிக்கு மாற்றினால் குஞ்சுகள் அடுத்த மாரிக்குள் தடியேறுகிற கோழிகளாகிவிடும். ஒதுக்குகிற தொகையில் ஒரு பகுதி கிடுகுக்கும் தடிக்கும் போகட்டும். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாதியிலேயே அலுவலர் ஒருவர் வந்து கூட்டின் வடக்குப் பக்கத்தை ஒருதரம் பார்த்துவிட்டுப் போகட்டும்.