தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மருந்து வாங்காதீர்கள்

– திருப்பனந்தாளிலிருந்து ஒரு விவசாயி

நெற்பயிர் மஞ்சளித்தால் நாம் முதலில் ஓடுவது மருந்துக் கடைக்குத்தான். தழைச்சத்துக் குறைவா, துத்தநாகக் குறைவா, தண்ணீர் வடியாமல் வேர் அழுகிவிட்டதா என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தப் பழக்கத்தால் பணத்தை விட்டவர்கள் நம்மில் ஏராளம். அதே பழக்கத்தை நான் மீன் தொட்டியிலும் காட்டி நஷ்டப்பட்டேன். என் அனுபவம் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வண்ண மீனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னை கொளத்தூரில் சிமெண்டுத் தொட்டிகளில் வண்ண மீன் வளர்த்துப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. நம் பகுதியிலும் கொல்லையில் நாலு தொட்டி கட்டி உபதொழிலாகச் செய்து பார்க்கலாமே என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் ஒரு கண்ணாடித் தொட்டியில் ஆரம்பித்தேன்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்த வெள்ளம் நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு கொள்ளிடப் படுகையில் எங்கு பார்த்தாலும் மரக்கட்டைகள். வளைந்து நெளிந்த ஒரு கட்டையைக் கழுவிக் கொண்டுவந்து தொட்டியில் போட்டேன். மீன் ஒதுங்க இடமாயிற்று, பார்க்கவும் அழகாயிருந்தது. மூன்றாம் நாள் தண்ணீர் தேநீர் நிறமாகிவிட்டது.

எனக்குப் பதற்றம். ஒரு கடையில் கேட்டேன். ஒரு புட்டி மருந்தைக் கொடுத்தார்கள். ஊற்றினேன், நிறம் போகவில்லை. பொறுமை இழந்து தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மோட்டாரிலிருந்து நேராகப் பிடித்து நிரப்பினேன். தொட்டி பளிங்குபோல் ஆயிற்று. மறுநாள் காலை பதினொரு மீன்களில் ஆறு செத்து மிதந்தன.

பழுப்பு நிறத் தண்ணீரில் மூன்று நாள் நன்றாக நீந்திய மீன்கள், தெளிந்த தண்ணீரில் ஒரே இரவில் செத்தன. அதன் பிறகுதான் காரணத்தைத் தேடினேன்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. கடுக்காயிலும், பாக்கிலும், தேயிலையிலும், தோல் பதனிடும் ஆவாரம்பட்டையிலும் இருப்பது இதுதான். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் பழுப்பாவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். தொட்டியில் நடப்பதும் அதுவே. கட்டையிலிருந்து சாயம் இறங்குகிறது, அவ்வளவுதான்.

கண்ணாடித் தொட்டியில் இந்த அளவுச் சாயம் மீனைக் கொல்லாது. தென் அமெரிக்காவில் அமேசானுடன் கலக்கும் ரியோ நீக்ரோ ஆற்றின் பெயருக்கே கறுப்பு ஆறு என்று பொருள். காட்டு இலையும் மரமும் ஊறி அந்தத் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் ஓடுகிறது. கார்டினல் டெட்ரா என்ற அழகிய வண்ண மீனின் சொந்த ஊர் அதுதான். பைட்டர் எனப்படும் சண்டை மீனை வளர்ப்பவர்கள், காய்ந்த நாட்டு வாதுமை இலையை வேண்டுமென்றே தொட்டியில் போட்டுத் தண்ணீரைப் பழுப்பாக்குகிறார்கள்.

டானின் தண்ணீரைச் சற்றே புளிப்புத் தன்மைக்குக் கொண்டுபோகும். ஆனால் நம் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கலந்த கடின நீராக இருந்தால் அந்த மாற்றம் மிகக் குறைவு. ஆகவே கடின நீரை விரும்பும் மோலி மீன்கூட ஒரு கட்டையால் கெட்டுவிடாது.

அப்படியானால் என் மீன்கள் ஏன் செத்தன? ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் மீன் சுவாசிக்கத் தேவையான பிராணவாயு மிகக் குறைவு. வெப்பமும் கார அமிலத் தன்மையும் பழைய தண்ணீரிலிருந்து மாறுபட்டிருக்கும். இந்த அதிர்ச்சியை மீன் தாங்காது. நிறம் செய்யாத கேட்டை என் அவசரம் செய்துவிட்டது.

டம்ளர் சோதனை

தண்ணீர் பழுப்பானால் கடைக்குப் போகுமுன், கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள்.

காலையில் அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது வண்டல். துருப்போலச் செம்மஞ்சள் படிவு இருந்தால் கிணற்று நீரில் இரும்பு இருக்கிறது. எதுவும் படியாமல் தேநீர்போலத் தெளிவாக நிறம் மட்டும் நின்றால் அது மரச் சாயம், அஞ்ச வேண்டாம். கலங்கலாகி நாற்றம் அடித்தால்தான் ஆபத்து. தின்னாத தீனியோ, செத்த மீனோ, மென்மரமோ அழுகுகிறது. அதைத் தேடி உடனே அகற்றுங்கள்.

கட்டையைப் பக்குவம் செய்தல்

நிறமே வேண்டாம் என்பவர்கள் கட்டையை முன்கூட்டியே பக்குவம் செய்ய வேண்டும். பட்டையையும் உளுத்த பகுதியையும் சுரண்டி எடுங்கள். நெல் அவிக்கும் அண்டாவில் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்க வையுங்கள். தண்ணீரை மாற்றி மறுபடி கொதிக்க வையுங்கள். அண்டாவில் அடங்காத கட்டையின் மேல் கொதிநீரை ஊற்றலாம். பிறகு தொட்டியில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். சில வாரங்களில் சாயம் வெளிறிவிடும். மிதந்த கட்டையும் மெல்ல மூழ்கும். சோப்பு, பினாயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் கட்டையில் படக்கூடாது. மரம் உறிஞ்சிக்கொண்டு பிறகு கக்கும்.

காய்ந்து இறுகிய கடின மரமே நல்லது. கொய்யாக் கட்டை பொருத்தமானது. எந்த மரம் என்று தெரியாத கட்டையை விட்டுவிடுங்கள். அரளி, எருக்கு, கள்ளி, புங்கன், வேம்பு கூடாது. பனையும் தென்னையும் நமக்குச் சுலபமாகக் கிடைத்தாலும், உள்ளே இருக்கும் மென்மையான சோறு அழுகும், அவையும் வேண்டாம். புதிய கட்டையில் வெள்ளைப் பாசிபோல் படர்ந்தால் பயப்படாமல் தேய்த்துக் கழுவுங்கள், சில வாரங்களில் நின்றுவிடும்.

கட்டை ஏற்கெனவே தொட்டிக்குள் இருந்தால், வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். கிணற்று நீரை உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றுப் படவைத்து, ஒரு நாள் வைத்திருந்து பயன்படுத்துங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீருக்கும் ஒரு நாள் ஓய்வு தேவை. நிறம் சீக்கிரம் போக வேண்டுமானால், வடிகட்டியில் போடும் கரி போதும். அடுப்புக்கரி இதற்கு உதவாது. படிகாரமும் சுண்ணாம்பும் மீன் இருக்கும் தொட்டியில் போடாதீர்கள். படிகாரம் நீரைப் புளிப்பாக்கும். சுண்ணாம்பு திடீரென்று காரத்தை ஏற்றி, மீன் கழிவிலுள்ள அம்மோனியாவை நஞ்சாக்கும்.

குளத்துக்குக் கணக்கு வேறு

தொட்டிக்குச் சொன்னதை அப்படியே பண்ணைக் குட்டைக்குச் சொல்ல மாட்டேன். கெண்டை மீன்கள் வளரும் குட்டையில் தண்ணீர் இளம் பச்சையாக இருக்க வேண்டும். அந்தப் பச்சைதான் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் இரை. மட்டையோ மூங்கிலோ ஊறப்போட்டுப் பழுப்பாக்கினால் வெயில் உள்ளே இறங்காது, இரை குறையும்.

திருட்டு வலைக்குத் தடையாகக் குட்டையில் முள்ளும் கிளையும் போடுவது வழக்கம். காய்ந்த கிளையைப் போடுங்கள். பச்சைத் தழையோடு போட்டால் அது அழுகும்போது பிராணவாயுவைத் தின்றுவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் அதுதான் அறிகுறி. அப்போது தழையை வெளியே இழுத்துப் போட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள்.

மேட்டூர் திறந்து ஆற்றில் செந்நிறத் தண்ணீர் வரும்போது நாம் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். அது வண்டல் என்று நமக்குத் தெரியும். காரணம் தெரிந்த நிறத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. தொட்டியானாலும், குட்டையானாலும், வயலானாலும், காரணம் தெரியும் வரை சட்டைப்பையில் கை வைக்காதீர்கள். டம்ளரும் ஓர் இரவுப் பொறுமையும் செலவில்லாதவை. நான் அந்த ஒரு இரவு பொறுத்திருந்தால் ஆறு மீனும் மருந்துக் காசும் மிஞ்சியிருக்கும்.