பில் தரும் கடையே நல்ல கடை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், பல வீடுகளில் புதுக் கணினி பற்றிய பேச்சு ஓடுகிறது. ஆன்லைனா, ஷோரூமா, ரிச்சி தெருக் கணினிக் கடைகளா? சென்னைவாசிகளுக்கு என் பரிந்துரை ரிச்சி தெருதான். பிராசஸர், மதர்போர்டு, ராம் என்று தேவைக்கேற்பத் தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்துகொள்ளலாம். பழுதென்றால் நேரில் போய்க் கேட்க ஆள் இருப்பார். வயதானவர்களுக்கு அது பெரிய தெம்பு.

ஆனால், "பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம்" என்று ஆசை காட்டும் கடையில் தயவுசெய்து வாங்காதீர்கள். அசெம்பிள் கணினியில் ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி. அவற்றின் சீரியல் எண்களைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நாளை நுகர்வோர் ஆணையத்தின் படியேற நேர்ந்தால், கையிலிருக்கும் முதல் ஆதாரம் அதுதான். விண்டோஸ் உரிமத்தையும் கேட்டு வாங்குங்கள். திருட்டு நகலை ஏற்றித் தந்தால் மறுத்துவிடுங்கள்.

- வாசகர், திருவல்லிக்கேணி