பந்தியும் பஃபேயும்

லாஸ் வேகாஸின் எல் ராஞ்சோ சூதாட்ட விடுதி, 1940களில் 1 டாலருக்கு வேண்டுமட்டும் உண்ணும் பஃபே விருந்தை அளித்தது. ஆட வந்தவர் பசியால் வெளியேறிவிடக் கூடாது என்பதே கணக்கு. உணவில் வந்த நட்டத்தை ஆட்டமேசை ஈடுகட்டியது. எனவே அத்தகைய விருந்தை விலையாலும் வகைகளின் எண்ணிக்கையாலும் மதிப்பிடுதல் பொருந்தாது என்போம்.

ராசிங்காபுரத்தார் அறிந்த அளவுகோல் வேறு. அருகிலுள்ள போடி ஏலக்காய் ஏலத்தில், வியாபாரி மூட்டைகளை எண்ணி விலை கேட்பதில்லை. மாதிரிக் காய்களின் பருமனையும் பச்சை நிறத்தையும் பார்த்தே கேட்கிறார். விருந்துக்கும் அதுவே முறை. ஒரு கவளம் சோறும் ஒரு கரண்டி குழம்பும் சமையலின் தரத்தைச் சொல்லிவிடும்.

ஆனால் நம் கல்யாண மண்டபங்களிலும் இன்று எண்ணிக்கையே பெருமை. சூதாட்ட விடுதிக்கு ஆட்டமேசை இருந்தது. கடன் வாங்கிப் பந்தி வைக்கும் பெண்ணின் தகப்பனுக்கு என்ன இருக்கிறது?